பேனலுக்கு ஒரு கணக்கு, பேட்டரிக்கு வேறு கணக்கு



மாடியில் சோலார் போட நினைக்கும் ஒரு குடும்பம் விற்பனையாளரைக் கூப்பிட்டால், அவர் தரும் தாளில் பெரும்பாலும் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று பேட்டரி இல்லாமல், இன்னொன்று பேட்டரியோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும். ‘வசதி இருந்தால் பேட்டரியோடு போடலாம், இல்லையென்றால் பேட்டரி இல்லாமல்’ என்று வீட்டில் பேசி முடிவெடுக்கிறார்கள். ஆனால் இவை இரண்டும் தனித்தனி முதலீடுகள். பேனலில் லாபம் வருமா என்பதை அந்த வீட்டின் கரண்ட் பில் சொல்லிவிடும். பேட்டரியில் லாபம் வருமா என்பதைச் சொல்ல வேண்டியது மின்வாரியத்தின் விதிப்புத்தகம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் தேவையில்லாத கடனைச் சுமக்கின்றன. நன்மை கிடைக்கக்கூடிய குடும்பங்களோ பயந்து ஒதுங்கிவிடுகின்றன.

முதலில் பேனலைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். அதற்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். 3 கிலோவாட் போட்டால் நாளுக்கு 12 யூனிட். இரண்டு மாத பில் காலத்துக்கு 720 யூனிட். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை இதைவிடக் கூடுதலாகவும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குறைவாகவும் வரும்.

இந்த 720 யூனிட்டின் மதிப்பு எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 400 யூனிட் வரை கட்டணம் 5 ரூபாய்க்குள் நிற்கிறது. 500ஐத் தாண்டும் இடத்தில்தான் உண்மையான ஏற்றம். 501ஆவது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல், 800ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல். போதாததற்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குச் சிறிய நுகர்வோர் பெறும் பாதிக் கட்டணச் சலுகையும் 500ஐத் தாண்டிய வீட்டுக்குக் கிடையாது.

2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டண அளவை வைத்து மூன்று வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு ஏ.சி. ஓடும் முதல் வீடு இரண்டு மாதத்தில் 1,000 யூனிட் செலவழிக்கிறது. பில் ஏறக்குறைய 7,000 ரூபாய். அங்கே 3 கிலோவாட் பேனல் போட்டால், மின்வாரியத்திடம் நிகரமாக வாங்குவது 280 யூனிட்டாகக் குறைகிறது. பில் 600 ரூபாயை ஒட்டி வந்து நிற்கிறது. சேமிப்பு ஆண்டுக்குச் சுமார் 38,000 ரூபாய். இரண்டாவது வீடு 400 யூனிட் செலவழிப்பது. பில் 1,200 ரூபாய் அளவில். ஒரு கிலோவாட் பேனல் அதில் 1,000 ரூபாயைக் குறைக்கும். ஆண்டுக்கு 6,000 ரூபாய். மூன்றாவது வீடு 200 யூனிட்டோடு நிறுத்திக்கொள்வது. அதன் பில்லே 235 ரூபாய்தான். அங்கே பேனல் எதை மிச்சப்படுத்த முடியும்?

முதல் வீட்டுக்கு இவ்வளவு லாபம் வரக் காரணம், பேனல் பில்லை மேலிருந்து வெட்டுகிறது. 10 ரூபாய் யூனிட் முதலில் போகிறது, பிறகு 9 ரூபாய் யூனிட், பிறகு 8 ரூபாய் யூனிட். இதே காரணத்தால், மேல் கட்டண அடுக்குகளைக் கழித்த பிறகும் பேனலைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. நான்காவது, ஐந்தாவது கிலோவாட் வெட்டுவது மலிவான யூனிட்டுகளை மட்டுமே.

செலவுப் பக்கத்தில் ஒன்றிய அரசின் மானியம் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். ஆக, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய், அதுவே உச்சவரம்பு. இந்தியாவில் தயாரான செல்களால் ஆன பேனலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனல்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வே தேவையில்லை என்று 2024இல் விதியும் தளர்ந்தது.

கணக்குக்காக, 3 கிலோவாட் அமைப்பின் சந்தை விலையை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக 1,22,000. முதல் வீட்டில் இந்தப் பணம் மூன்றேகால் ஆண்டில் திரும்பிவிடும். பேனலுக்கு 25 ஆண்டு செயல்திறன் உத்தரவாதம் இருக்கும்போது இது மிக நல்ல முதலீடு. இரண்டாவது வீட்டில் ஒரு கிலோவாட்டுக்கு மானியம் போக 45,000 ரூபாய் ஆகுமானால், திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். மோசமில்லை, ஆனால் அவசரமும் இல்லை. மூன்றாவது வீட்டுக்குப் பொருளாதாரக் காரணமே கிடையாது. ஒழுங்குமுறை ஆணையம் விதிக்கும் நெட்வொர்க் கட்டணம் போன்றவை சேரும் இடத்தில் இந்தச் சேமிப்பு குறையும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மாடி சோலாரில் குஜராத்தும் மகாராஷ்டிரமும் கேரளமும் தமிழ்நாட்டை முந்தி நிற்பதற்கு, இங்கே சிறு வீடுகளின் கட்டணம் இவ்வளவு குறைவாக இருப்பது ஒரு முக்கியக் காரணம்.

இனி பேட்டரி. இங்கேதான் பலருக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது, உச்சி வெயில் அடிக்கிறது, தெருவில் கரண்ட் போகிறது. உடனே வீட்டிலும் கரண்ட் போய்விடும்! மின்வாரிய இணைப்போடு ஓடும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர், தெருக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று கண்ட நொடியில் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அது நிற்காவிட்டால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் கைக்கு அந்த வீட்டின் மின்சாரம் போய்ச் சேரும். உயிர் காக்கும் ஏற்பாடு இது. ஆகவே கரண்ட் கட்டின்போதும் சோலார் ஓட வேண்டுமென்றால், ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். விற்பவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வாங்குபவர்கள் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு பேட்டரி புதிதல்ல. 2008 முதல் 2013 வரையிலான கடும் மின்வெட்டுக் காலத்தில் மாடிப்படிக்கு அடியிலும் வராந்தா மூலையிலும் வந்து உட்கார்ந்த இன்வெர்ட்டர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் 150 ஏ.எச். ஈய அமில பேட்டரி தாளில் 1.8 யூனிட் கொள்ளும். அதில் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கைந்து ஆண்டில் மாற்ற வேண்டியும் வரும். இப்போது சோலாரோடு வருவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. கொள்ளளவில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை எடுக்கலாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், பத்து ஆண்டு உத்தரவாதமும் சாதாரணம். மின்வாகனத் தொழில் வளர்ந்ததில் இதன் விலை இறங்கியபடி இருக்கிறது. 2010இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை, புளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வின்படி 2024இல் 115 டாலர்.

அப்படியானால் பேட்டரி லாபமா? ஒரு யூனிட்டைச் சேமித்து எடுக்க என்ன ஆகும் என்று கணக்கிட்டால் விடை கிடைக்கும். 5 யூனிட் பேட்டரியும் அதற்கான கூடுதல் இன்வெர்ட்டர் செலவும் சேர்ந்து 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். நாள்தோறும் 4 யூனிட் ஏற்றி இறக்கினால் பத்து ஆண்டில் 14,600 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்குச் சற்று மேல். ஏற்றி இறக்குவதில் ஏற்படும் 10 விழுக்காடு இழப்பு தனி.

எதிரே நிற்பது நெட் மீட்டர். பகலில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்துக்கு அனுப்பி, இரவில் அதே அளவைக் கழித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. பகலில் போட்டு இரவில் எடுக்கும் சேமிப்புக் கணக்கு போல. மின்வாரியம் அதே யூனிட்டைப் பத்திரமாகத் திருப்பித் தரும்போது, 8 ரூபாய் செலவழித்து வீட்டுக்குள் சேமிப்பதால் பில்லில் ஒரு பைசாவும் குறையாது. முழு நெட் மீட்டரிங் இருக்கும் இடத்தில் பேட்டரியைச் சேமிப்புத் திட்டமாக விற்பது நியாயமில்லை. மானியமும் பேனலின் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை.

இந்தக் கணக்கு எப்போது புரளும்? வெயில் கூடினாலும் புரளாது, விதி மாறினால் புரளும். மூன்று இடங்கள் இதை நடத்திக் காட்டியிருக்கின்றன.

கலிபோர்னியாவில் வீடுகள் அனுப்பிய சோலார் மின்சாரத்துக்குச் சில்லறைக் கட்டணத்தையே ஈடாகத் தந்துவந்தார்கள். 2023 ஏப்ரல் 15 முதல் புதிதாகச் சேரும் வீடுகளுக்கு அந்த ஈடு சராசரியாக நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. சோலார் விண்ணப்பங்கள் சரிந்தன. ஆனால் போட்டவர்களில் பெரும்பாலோர் பேட்டரியோடு சேர்த்தே போடத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீடு அனுப்பும் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை 2017–18இல் 11.3 சென்ட், 2025–26இல் அது 0.04 சென்ட். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாடிகளில் பேனல் இருக்கும் நாட்டில், நண்பகல் மின்சாரத்தை வாங்க ஆளில்லை என்பதுதான் அதன் பொருள். 2025 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலிய ஒன்றிய அரசு வீட்டு பேட்டரிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு விலைச் சலுகை தரத் தொடங்கியது. சில மாதங்களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வாங்கின.

மூன்றாவது எடுத்துக்காட்டு பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் 2016இல் தொடங்கிய ‘சூர்ய பல சங்ராமய’ திட்டம் மாடிகளைப் பேனல்களால் நிரப்பியது. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த மக்கள் இன்னும் வேகமாக அதற்கு மாறினார்கள். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிறு. தொழிற்சாலைகள் ஓயும் நாள், நல்ல வெயில், மின்தேவை குறைவு, சோலார் உற்பத்தி மிகுதி. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதில் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. பெரிய சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்ததால் அந்த அதிர்ச்சியை மின் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மாடி சோலார் அமைப்புகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மக்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் கொட்டும் நேரத்தில் பேனலை அணைத்து வைக்க வேண்டிய நிலை. அதன் பிறகு புதிய அமைப்புகளுக்குப் பகல் மின்சாரத்தின் விலை குறைந்தது. மாலை உச்ச நேரத்தில் பேட்டரியிலிருந்து அனுப்பும் மின்சாரத்துக்கு அதைவிட மிகக் கூடிய விலை அறிவிக்கப்பட்டது.

மூன்று இடத்திலும் ஒரே வரிசையில்தான் நடந்தது. பேனலுக்குத் தாராள விலை, மாடியெல்லாம் பேனல், நண்பகலில் மிச்சம், மாலையில் பற்றாக்குறை, பிறகு விதி மாற்றம், அதன் பின்னால் பேட்டரி. தமிழ்நாடு இந்த வரிசையின் தொடக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் மின்தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பேனல் தூங்கிய பிறகும் ஏ.சி. ஓடும் கோடை இரவுகளைச் சமாளிப்பதே இனி சிக்கல்.

இந்தியாவிலும் விதி நகரத் தொடங்கிவிட்டது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விவசாயம் தவிர மற்ற நுகர்வோருக்கு, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகு, நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வர வேண்டும். சூரிய ஒளி நேரத்தில் வழக்கத்தைவிட 10 முதல் 20 விழுக்காடு குறைவு. உச்ச நேரத்தில் 10 முதல் 20 விழுக்காடு கூடுதல். அது வீட்டுக்கு வந்தால் பேட்டரி லாபமாகிவிடுமா? 8 ரூபாய் யூனிட்டை எடுத்துக்கொண்டால் பகல் விலைக்கும் இரவு விலைக்கும் வித்தியாசம் அதிகபட்சம் 3 ரூபாய் 20 காசு. 8 ரூபாய் செலவாகும் சேமிப்பை இது ஈடுகட்டாது. ஆனால் நெட் மீட்டரையே எடுத்துவிட்டு, பகலில் அனுப்பும் யூனிட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் மட்டும் தரும் முறை வருமானால், மேல் கட்டண அடுக்கில் இருக்கும் வீட்டுக்கு வித்தியாசம் 7, 8 ரூபாயாக விரியும். அன்று பேட்டரி வரவும் செலவும் சமமாகும் இடத்துக்கு வந்துவிடும். விலை இன்னும் இறங்கினால் லாபமே தரும்.

அதுவரை பேட்டரி யாருக்கு? பணக் கணக்கைத் தாண்டிய தேவை உள்ளவர்களுக்கு. வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை நம்பி இருக்கும் நோயாளி, குளிர்பதனத்தில் வைத்த இன்சுலின், கரண்ட் போனால் அன்றைய கூலி போய்விடும் தையல் தொழில் ஆகியவற்றின் மதிப்பு பில்லில் தெரியாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையின் தாழ்வான பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அப்படிப்பட்ட நாள்களில் பேட்டரி மட்டும் இருந்தால் ஓர் இரவோடு தீர்ந்துவிடும். பேனலும் சேர்ந்திருந்தால் மறுநாள் வெயில் அதை நிரப்பித் தரும்.

அதற்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. 35 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மூன்று, எல்.இ.டி. விளக்கு நான்கு, ஒரு பிரிட்ஜ், வைபை ரவுட்டர்: இவை எல்லாம் ஓர் இரவுக்கு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். ஒன்றரை டன் ஏ.சி.யை ஏற்றினால் அதே இரண்டு யூனிட் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும். அவசியச் சுற்றைத் தனியே பிரித்து ஒயரிங் செய்தால் பேட்டரிச் செலவு பாதியாகும். பழைய 75 வாட் விசிறிகளை மாற்றுவது, அடுத்த அளவு பேட்டரி வாங்குவதைவிட மலிவு.

விலைத்தாளில் வராத செலவுகளும் உண்டு. பேனல் 25 டிகிரி வெப்பத்தில் அளந்து விற்கப்படுகிறது. சித்திரை வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும்போது உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். தளத்திலிருந்து போதிய உயரத்தில் காற்றோட்டம் விட்டுப் பொருத்துவது அதனால்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் ஒரு வரிசை முழுவதும் பாதிக்கப்படலாம். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்புச் சட்டத்தைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும்; கால்வனைஸ் செய்ததோ அலுமினியமோ வேண்டும். புயல் காற்றைத் தாங்கச் சட்டத்தைத் தளத்தோடு ஆங்கர் போட்டுப் பிணைக்க வேண்டும். அப்படித் துளையிடும் இடத்தில் மழைநீர் இறங்காமல் பூசவும் வேண்டும். தட்டோடு பழசாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது நல்லது. இன்வெர்ட்டரை 25 ஆண்டுக்குள் ஒரு முறையாவது மாற்ற நேரிடும். பேட்டரியை வெயில் படும் மாடி அறையில் வைத்தால் ஆயுள் தேயும். மாதம் இரண்டு முறை தூசியும் பறவை எச்சமும் போகக் கழுவ, மாடி ஏறக்கூடிய ஒருவர் வீட்டில் வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகள் பழைய பேட்டரியையும் பேனலையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு.

இவ்வளவும் சொந்த மாடி உள்ளவர்களின் கதை. சென்னையிலும் கோவையிலும் லட்சக்கணக்கானோர் வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்கள் பொது விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டார், மின்வாகன சார்ஜிங் ஆகியவற்றுக்காகச் சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இதைப் பயன்படுத்தும் சங்கங்கள் பெருக வேண்டும். இன்னொரு கவலையும் இருக்கிறது. அதிகக் கட்டணம் செலுத்தும் வீடுகள் எல்லாம் பேனலுக்குப் போய்விட்டால், கம்பியையும் மின்மாற்றியையும் பராமரிக்கும் செலவு மற்றவர்கள் தலையில் விழும். மாடி இல்லாதவர் மாடி உள்ளவருக்காகப் பணம் கட்டும் நிலை வரக்கூடாது. அதைத் தடுக்கிறோம் என்று சொல்லிச் சிறு வீட்டின் இரண்டு கிலோவாட்டையும் ஒடுக்கிவிடக் கூடாது.

இந்தச் சமன்பாட்டை எழுதும் இடம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தைத் திருத்தும் முன் அது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்துகிறது. வீட்டு நுகர்வோரும் அங்கே திரளாகப் போக வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. இன்று நெட் மீட்டர் பெறும் வீட்டுக்கு அதே விதி எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி? மாலை உச்ச நேரத்தில் தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் அனுப்பும் வீட்டுக்கு என்ன விலை? வாடகை வீட்டுக்காரரும் அடுக்ககவாசியும் வேறோர் இடத்துப் பேனலில் பங்கு வாங்கித் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ள வழி எப்போது?